முப்பது நாள்

சிக்ரிட் நிகார்டின் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்த கடிதம் மிகவும் மரியாதையாக இருந்தது. 'அன்புள்ள' என்று தொடங்கி 'நல்வாழ்த்துகளுடன்' என்று முடிந்தது. நடுவில் இருந்த சேதி ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் மொன்டானா மாநிலத்தவர் அல்ல.

டயர் கடையின் பின்பக்கம் நின்றபடியே அதைப் படித்தாள். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஜாக்கியில் நின்ற வண்டிக்கு மிச்சமிருந்த இரண்டு சக்கரங்களையும் மாட்டினாள். நட்டுகளை முடுக்கினாள். ரசீது போட்டாள். அழுகை வரவில்லை. பிப்ரவரியிலிருந்து அவளுக்கு எதுவுமே வருவதில்லை. பசிகூடக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் வந்தது.

விஷயம் இதுதான். அமெரிக்க மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் உள்மாநிலப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டணம், வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு அதைப்போல் மூன்று மடங்கு. சிக்ரிட் வடக்கு டகோட்டாவில் பிறந்தவள். வனவியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. எங்கள் டகோட்டாவில் காடு என்று சொல்லிக்கொள்ள, காற்றை மறிக்க வயலோரம் நட்ட மரவரிசைகள்தான் உண்டு. அதற்குப் பக்கத்து மாநிலமான மொன்டானாவுக்குத்தான் போகவேண்டும். மூன்று மடங்கு கட்ட அவளாலும் முடியாது, அவள் அப்பா ஆர்வினாலும் முடியாது. ஆனால் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. படிப்பு தொடங்கும் முன் ஒரு வருடம் முழுக்க மொன்டானாவிலேயே குடியிருந்து, வேலை பார்த்து, வரி கட்டி, 'இனி நான் இந்த ஊர்க்காரி' என்று நிரூபித்துவிட்டால் உள்மாநிலக் கட்டணம் கிடைக்கும். அந்த ஒரு வருடத்தில் முப்பது நாளுக்கு மேல் மாநிலத்துக்கு வெளியே இருக்கக்கூடாது. வனவியலில் இடம் கிடைத்துவிட்டது. ஆகஸ்டு மாதத்துக்குள் நிரூபிக்காவிட்டால் இடமும் போகும், போன வருடமும் போகும்.

அவள் ஒன்றும் அசட்டையாக இருந்துவிடவில்லை. வந்த வாரமே ஓட்டுநர் உரிமத்தை மாற்றினாள், வண்டியின் நம்பர் பலகையை மாற்றினாள், வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்தாள். வெளியே போகும் ஒவ்வொரு நாளையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்தாள். நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு எல்லோரும் ஊருக்குப் போனபோது இவள் போகவில்லை. கடையில் சூப் டின்னைச் சூடு பண்ணிக் குடித்தாள். அண்ணன் லைல் போனில் கேலி செய்தான்.

"என்னடி, மலையைப் பாத்ததும் மண்ணை மறந்துட்டியா? உன் பங்கு வான்கோழியையும் நானே தின்னுட்டேன்."

"தின்னு. எனக்கு நாள் மிச்சம்."

"நாள் மிச்சமா? என்னடி, ஜெயிலுக்குள்ளயா இருக்க?"

கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஐந்து நாள் போய் வந்தாள். அப்போதே அப்பாவின் தோல் மஞ்சள் பூத்திருந்தது. கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். அதற்குமேல் டாக்டர் சொன்னதை அப்பா வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு குணம் உண்டு, அதை இங்கே சொல்லிவிட வேண்டும். எதையும் கேட்க மாட்டார்கள். வண்டி பனியில் அச்சுவரை புதைந்து கிடக்கும். பக்கத்துப் பண்ணைக்காரன் டிராக்டரோடு வந்து நின்றால், 'இருக்கட்டுமேன்னுதான் விட்டு வெச்சேன்' என்பார்கள். காப்பி வேண்டுமா என்றால் வேண்டாம். மறுபடி கேட்டாலும் வேண்டாம். மூன்றாம் தரம் கேட்டால்தான் 'ஊத்திட்டீங்கன்னா வீணாக்க வேண்டாம்' என்று கோப்பையை நீட்டுவார்கள். நாமாகக் கேட்டுவிட்டால் உண்மையை அப்படியே சொல்லிவிடுவார்கள், அதில் குறை சொல்ல முடியாது. கேட்காவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டே செத்துப் போவார்கள். இதைப் பெருமையாக நினைத்துக்கொள்கிறோம். எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஜனவரி முதல் வாரத்தில் லைல் கூப்பிட்டான்.

"அப்பாவுக்கு முடியல."

"எவ்வளவு முடியல?"

"உன்னை வரச் சொல்லல. சும்மா காதுல போட்டு வெச்சேன்."

அதற்கு அர்த்தம் உடனே கிளம்பு என்பது. எட்டாம் தேதி அவள் ஊரில் இருந்தாள்.

அந்த நாட்களில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அப்பா ஜன்னலோர நாற்காலியில் இருப்பார். இவள் கஞ்சி காய்ச்சுவாள், அவர் இரண்டு கரண்டி குடிப்பார். தொலைக்காட்சியில் வானிலை ஓடும். கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்த ஒரு நாள் அப்பா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"ஏரியில பனி ரெண்டடி கெட்டியாம். வண்டியே போகுதாம்."

மீன் பிடிக்கக் கூட்டிப் போ என்று அர்த்தம். இரண்டு கோட்டுகளைப் போட்டு, அணைத்துத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தாள். வழியில் வெர்னின் தூண்டில் கடையில் நிறுத்தினார்கள். இரை வாங்க வேண்டும், சிக்ரிட்டுக்கு மீன்பிடி அனுமதிச் சீட்டும் எடுக்க வேண்டும். வண்டியிலேயே இருங்கள் என்று அவள் சொல்லியும் அப்பா கேட்கவில்லை, இறங்கி வந்து மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். வெர்ன் அவரைப் பார்த்தான், பார்க்காத மாதிரி சிக்ரிட்டின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அட, யாரு இது! மலைநாட்டு மகாராணிக்கு அங்க மீனே கிடைக்கலையா?"

"அங்க மீன் பேசாது. உங்க கடையிலதான் எல்லாம் வாயாடும்."

வெர்ன் சிரித்துக்கொண்டே கணினியில் போன வருடத்துப் பதிவைத் திறந்தான். "எல்லாம் பழையபடிதானே? வீடு, ஊரு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார். "பழையபடிதான். இவ வேற எங்க போயிடப் போறா?"

சீட்டு அச்சாகி வந்தது. 'இந்த மாநிலத்தில் நிரந்தரமாக வசிப்பவர்' என்ற கட்டத்தில் குறி விழுந்திருந்தது. பக்கத்திலேயே 'வெளிமாநிலத்தவர்' என்ற இன்னொரு கட்டம் காலியாக இருந்தது. அவளுக்கு எல்லாம் தெரியும். வெளிமாநிலத்தில் உள்ளூர்க்காரியாக ஒரு சீட்டு எடுத்தால், ஒரு வருடக் கணக்கு அன்றிலிருந்து மறுபடி ஒன்றில் தொடங்கும் என்று பல்கலைக்கழகத்தின் கையேட்டில் படித்திருக்கிறாள். 'இல்லப்பா, நான் இப்ப இந்த ஊர் இல்ல' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அப்பா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டு அவர் மேல் ஆணியில் மாட்டியதுபோலத் தொங்கியது.  கையெழுத்துப் போட்டாள்.

அன்று இரண்டு மீன் விழுந்தன. ஒன்று சின்னது என்று அப்பா அதைப் பனியில் போட்ட துளைக்குள்ளேயே திருப்பி விட்டுவிட்டார்.

ஜனவரி இருபத்தொன்பதாம் தேதியோடு இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. கிறிஸ்துமஸ் ஐந்தையும் சேர்த்தால் இருபத்தேழு. மீதி மூன்று. அன்று மதியம் அவள் பையை எடுத்து வைத்தாள். அந்த மூன்று நாளை எதற்காக மிச்சம் பிடித்தாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. நான் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் சாவுக்கு. குளிர்காலத்தில் எங்கள் ஊர் மண் கல்லாக இறுகிவிடும், குழி தோண்ட முடியாது. அதனால் தேவாலயத்தில் இறுதிப் பிரார்த்தனை அப்போதே நடக்கும், உடலைக் கல்லறைக் கொட்டகையில் வைத்திருந்து மே மாதம் பனி இளகியதும் புதைப்பார்கள். பிரார்த்தனைக்கு இரண்டு நாள், புதைப்பதற்கு ஒரு நாள். கணக்கு சரியாக இருந்தது.

அப்பா நாற்காலியில் இருந்தார். "ரோட்டுல பனி கிடக்கு. பாத்துப் போ."

"சரிப்பா."

"டயர் நல்லா இருக்கா?"

"டயர் கடையிலதான்ப்பா வேலை பாக்கறேன்."

"அதனாலதான் கேக்கறேன். அவங்களோடதுதான் எப்பவும் தேஞ்சிருக்கும்." சிரித்தார், சிரித்ததில் இருமல் வந்தது. இருமல் அடங்கியதும், "வேலை கிடக்கும். கிளம்பு" என்றார்.

அவள் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். இரு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இருந்திருப்பாள், படிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று இருந்திருப்பாள். அவர் சொல்லவில்லை. இருக்கட்டுமா என்று அவளும் கேட்கவில்லை. இருவரும் ஒரே ஊர்க்காரர்கள்.

பிப்ரவரி இரண்டாம் தேதி காலையில் அப்பா போய்விட்டார். லைல் காப்பி வைக்க எழுந்து போன நேரத்தில் போனாராம். நாலே நாள்.

மொன்டானா மகா அகலமான மாநிலம். அவள் இருந்த ஊரிலிருந்து எல்லைவரை வரவே ஒன்பது மணி நேரம் ஆகும். எல்லை தாண்டினால் ஊர் நாற்பது மைல்தான். பிரார்த்தனைக்கு முந்தின சாயங்காலம் அவள் எல்லையைத் தாண்டாமல் மொன்டானா பக்கமே ஒரு மோட்டலில் அறை எடுத்தாள். பனிப்புயல் வந்து ஊரில் ஒரு நாள் கூடுதலாக மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று அந்த ஒரு நாளைக் கையில் வைத்துக்கொள்ள நினைத்தாள். ஊரில் அவளுடைய கட்டிலுக்கு லைலின் மனைவி புதுப் போர்வை விரித்து வைத்திருந்தாள். லைல் போனில் கத்தினான்.

"நாப்பது மைல்ல வீட்டை வெச்சுக்கிட்டு மோட்டல்ல படுத்திருக்கியா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

"ரோடு சரியில்ல."

"ரோடு நல்லாத்தான் இருக்கு. நான் இப்பத்தான் வந்தேன்."

"காலையில வந்துடறேன்."

"செத்தது உன் அப்பாடி. டயர் கடைக்காரனோட அப்பா இல்ல." போனை வைத்துவிட்டான்.

காலையில் வந்தாள். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்றிக்கறி சான்ட்விச்சும் காப்பியும் கொடுத்தார்கள். எல்லோரும் அவள் கையைப் பிடித்து, நல்ல மனிதர் என்றார்கள். அவளும் ஆமாம் என்றாள். பனி கொட்டியது, சாலையை மூடினார்கள், மோட்டலில் மிச்சம் பிடித்த நாள் அங்கேயே செலவானது. மே மாதம் ஒரு நாள் விடியுமுன் எல்லையைத் தாண்டி வந்து, ஒரு பிடி மண் போட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பி எல்லையைத் தாண்டினாள். நோட்டில் முப்பது என்று எழுதி அடியில் கோடு போட்டாள். அந்தக் கோட்டைப் போட்டபோது அவளுக்கு எதுவும் தோன்றவில்லை, தோன்றாததுகூடத் தெரியவில்லை.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: கடந்த ஓராண்டில் வேறு மாநிலத்தில் அம்மாநிலத்தவராக ஏதேனும் உரிமமோ சீட்டோ பெற்றீர்களா? கேட்டால் உண்மையைச் சொல்லும் ஆட்கள் என்றேனே. ஆம் என்று எழுதி, மீன்பிடிச் சீட்டையும் நகலெடுத்து இணைத்தாள். லைலுக்கு விஷயம் தெரிந்தபோது தலையில் அடித்துக்கொண்டான்.

"யாருடி பாக்கப் போறா? ஒரு மீனுக்குப் போட்ட சீட்டை நீயே கொண்டுபோய்க் கையில குடுத்தியா?"

"ரெண்டு மீன்" என்றாள் சிக்ரிட்.

தள்ளுபடிக் கடிதம் வந்தது அதனால்தான். நேரில் வந்து முறையிடலாம் என்று கடைசி வரியில் இருந்தது. முறையிடுவதா என்று இரண்டு நாள் யோசித்தாள். கடிதமே கூப்பிடுகிறது, நாமாகக் கேட்டதாக ஆகாது என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை போனாள்.

மாநிலத்தவர் யார், வெளியார் யார் என்று தீர்மானிக்கிற அதிகாரி திருமதி கைப்பர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மேசையில் ஒரு கிண்ணம் நிறைய மிட்டாய் வைத்திருந்தாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிச் சீட்டின் நகலைப் பார்த்தாள்.

"இது உன் கையெழுத்துதானேம்மா?"

"ஆமா மேடம்."

"உள்ளூர்க்காரின்னு போட்டிருக்கு. அது யாரு சொன்னது? நீயா?"

"எங்க அப்பா. கடைக்காரர் கேட்டார், அப்பா சொல்லிட்டார்."

"நீ ஏன் மறுத்துச் சொல்லல?"

சிக்ரிட் மிட்டாய்க் கிண்ணத்தைப் பார்த்தாள். "அவர் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தார் மேடம். ரொம்ப நேரம் நிக்க முடியாது அவரால. ரெண்டு வாரத்துல செத்துட்டார்."

கைப்பர் அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். இந்த வேலையில் பதினெட்டு வருடம். பனிச்சறுக்கு ஆட வந்து ஊர்க்காரன் என்று சாதிக்கிற பணக்காரப் பையன்களைத்தான் அவள் அதிகம் பார்த்திருக்கிறாள். "சரி. நீ அங்கே குடியிருக்கப் போகல, பாக்கத்தான் போனேன்னு காட்ட ஏதாவது இருக்கா? தேதி, டிக்கெட், ஏதாவது?"

சிக்ரிட் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தாள். கைப்பர் அம்மாள் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். தேதி, எல்லை தாண்டிய நேரம், திரும்பிய நேரம், கூட்டல். அவள் புருவம் மெல்ல மேலே போனது.

"இது என்ன, பிப்ரவரியில 'மோட்டல், இந்தப்பக்கம்'னு?"

"அப்பாவோட பிரார்த்தனைக்கு முந்தின நாள். எல்லைக்கு இந்தப்பக்கம் படுத்தேன். நாள் போகக்கூடாதுன்னு."

"இங்க, ஜனவரி இருபத்தொம்பதுல 'மீதி மூணு'ன்னு இருக்கே?"

"அடக்கத்துக்கு வெச்சிருந்தேன் மேடம்."

 பிறகு கைப்பர் அம்மாள் நோட்டை மூடி, அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இதுக்கு மேல எனக்கு அத்தாட்சி வேண்டாம்மா. இப்படி ஒரு நோட்டை இந்த நாற்காலியில உக்காந்து நான் பாத்ததே இல்ல. இங்கேதான் இருக்கணும்னு நினைக்காதவ இப்படி எண்ணமாட்டா. அந்த மீன் சீட்டை நான் கணக்குல எடுக்கல. உனக்கு உள்மாநிலக் கட்டணம்தான். இனி நீ எங்க ஊர்ப் பொண்ணு."

"நன்றி மேடம்."

சந்தோஷமா என்று தன்னைத்தானே தடவிப் பார்ப்பதுபோல ஒரு கணம் இருந்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆகஸ்டில் வகுப்பு, அதுவரை டயர் கடை, அவ்வளவுதான்.

கைப்பர் அம்மாள் படிவத்தை நிரப்பத் தொடங்கினாள். எழுதிக்கொண்டே, நல்ல மனதோடுதான், சொன்னாள். "ஆனா நீ இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கவே வேண்டாம்மா. கிறிஸ்துமஸ் அஞ்சு நாள் மட்டும்தான் உன் கணக்கு. மத்ததெல்லாம் சேரவே சேராது."

"எது சேராது?"

"பெத்தவங்களுக்கு நோய், சாவுன்னு போனா அது எத்தனை நாளா இருந்தாலும் அந்த முப்பதுல வராது. ஒரு கடிதம் எழுதிப் போட்டா..." சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவள் சிக்ரிட்டின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

"எங்க இருக்கு அது?"

கைப்பர் அம்மாள் தயங்கித் தயங்கிக் கையேட்டைத் திருப்பி நீட்டினாள். ஒன்பதாம் பக்கம். சிக்ரிட்டிடமும் அதே கையேடு இருந்தது. முதல் எட்டுப் பக்கங்களையும் அவள் மூன்று தடவை, நான்கு தடவை படித்திருக்கிறாள். ஒன்பதாம் பக்கத்தின் தலைப்பு, 'சலுகை கேட்க விரும்புவோருக்கு'. தலைப்பைப் பார்த்ததும் ஒவ்வொரு தடவையும் மூடி வைத்துவிட்டாள். அவள் சலுகை கேட்கிற ஆள் இல்லை.

இப்போது படித்தாள். மூன்றே வரி. விரலை வைத்து மறுபடி படித்தாள்.

"ஒரு போன் பண்ணி எங்களைக் கேட்டிருக்கலாமேம்மா" என்றாள் கைப்பர் அம்மாள். குரல் இறங்கியிருந்தது. "ஒரு வார்த்தை."

"நாலு நாள்" என்றாள் சிக்ரிட்.

"என்னம்மா?"

"நாலு நாள் இருந்திருந்தா போதும் மேடம். அவர் அதுக்கு மேல இருக்கல."

 படிவத்தில் கையெழுத்து வேண்டியிருந்தது. கைப்பர் அம்மாள் பேனாவை நீட்டினாள், சிக்ரிட்டால் வாங்க முடியவில்லை. கை மேசைமேல் இருந்தது, அதைத் தூக்கத்தான் தெரியவில்லை.